குஞ்சப்பனையில் நிற்பவரின் அட்டை

மலை ஏற இ-பாஸ் வேண்டும்.
எங்கள் மாநாட்டுக்கு வேண்டாம்.
கட்டணமில்லை, எவரும் வரலாம்,
பெயர் கேட்பது சோற்றுக் கணக்குக்கு மட்டும்
என்று கோத்தகிரி சமுதாயக் கூடத்து வாசலில்
நானே எழுதி ஒட்டினேன்.
மூடுபனியில் பசை காயவில்லை.

இருநூறு பேர் பதிந்திருந்தார்கள்.
ரெஜினாமேரி பதியவில்லை.
மடித்த சாக்கு கக்கத்தில்,
விரலெல்லாம் தேயிலைக் கறை.
"உள்ள விடுவீங்களா?"
விடுவோம், ஆனா சாப்பாடு
என்று இழுத்தேன்.
"சாப்பிட்டுத்தான் வர்றேன்."

படிவத்தில் ‘நிறுவனம்’ என்ற கட்டத்தைத்
தாண்டிப் போனது பேனா.
‘வந்த நோக்கம்’, அங்கே நின்று
அதையும் தாண்டியது.

அட்டைகள் தீர்ந்துவிட்டன.
பாஸ் எடுக்காமல்
குஞ்சப்பனைச் சாவடியில் நிற்கும்
பெங்களூர்க்காரரின் அட்டையைத் திருப்பி
வெள்ளைப் பக்கத்தில் ரெஜினாவின் பெயர்.

மூன்றாம் அமர்வு, கட்டற்ற மென்பொருள்.
"நிரலை எவரும் திறந்து பார்க்கலாம்"
என்றார் பேச்சாளர்.
கடைசி வரிசையில் ஒரு கை.

"ஃபாக்டரித் தராசு
ஈர இலைன்னு மூட்டைக்கு ரெண்டு கிலோ
தானா கழிக்குது சார்.
வெயில் காலத்துலயும் கழிக்குது.
அதுக்குள்ள எழுதியிருக்கிறத
எங்க பதிஞ்சா பார்க்கலாம்?"

மைக் கீச்சிட்டது.
பேச்சாளர் தண்ணீர் குடித்தார்.

மதியம் ஒரு சாப்பாடு மிஞ்சியது,
சாவடியில் நிற்பவருடையது.
எடுத்துக்கொண்டு தேடிப் போனேன்.
ஏழெட்டுப் பேர் சூழ்ந்து நிற்க
ரெஜினா உள்ளங்கையை விரித்திருந்தார்.
கறைக்கு நடுவே தராசின் மாடல் எண்.
கடைசி இலக்கம்
மூன்றா, எட்டா என்று
ஒரே வாக்குவாதம்.