காதுப் பிசகு

ஒரு சொல்லின் தலைதான் காணாமல் போனது.
தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து போன்,
விடியற்காலம், தேரி மணலுக்குள் ஒற்றைக் கோட்டுச் சிக்னல்.
'எல்லாம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி…
…ட்டு வாரோம்.'

கூட்டிட்டா?
எடுத்துட்டா?

நான் திரும்பக் கேட்கவில்லை.
செத்த சேதியை இரண்டாம் தரம் சொல்லவைப்பது
மரியாதை இல்லை என்று பட்டது.
மரியாதை! அதுதான் என் குற்றம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயில்பிள்ளை நான். கயிறு என் கையில்.
ஓர் அடி. நிறுத்தி, இன்னோர் அடி.
ஏறும்போதே வழியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்,
'நம்ம ஏசுவடியான்' என்று.

அன்னக்கனி சித்தி அந்நேரம்
மகனுக்குக் கஞ்சி வைக்கக் குருணை புடைத்தாளாம்.
முதல் மணிக்கு நிமிர்ந்தாளாம்.
மூன்றாவதுக்கு 'யாருக்கு?' என்றாளாம்.
பதில் போய்ச் சேர்ந்தபின்
ஒன்பதாவது மணியை அவள் கேட்டிருக்கமாட்டாள்.
நான் நாற்பத்துநாலு அடித்தேன்,
அவனுடைய வயசு.

பத்தரைக்கு வேன் வந்தது.
ஏசுவடியான் தானாக இறங்கினான்,
அக்குளில் எக்ஸ்ரே கவர், கையில் ஒரு பை சாத்துக்குடி.
வாசலில் கூட்டத்தைப் பார்த்து
என்னிடம்தான் கேட்டான்:
'யாருக்கு வே மணி?'

ஐயர் என்னை வெஸ்ட்ரிக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.
'வேணும்னு செய்யலியே எலியேசர்,
இது பாவத்துல சேராது' என்றார்.
நல்ல மனுஷன்.
ஆனால் எனக்குக் கால் நடுங்கியது.
பாவமில்லை என்றால்
மன்னிப்பை எந்தக் கடையில் போய் வாங்க?
ஞாயிறுதோறும் எல்லாரோடும் முழங்காலிட்டு
'தெரியாமல் செய்தவை' என்று முணுமுணுத்திருக்கிறேன்.
வாசலைக் கூட்டிவிட்டோமா என்ற யோசனையில்
அந்த இடம் எப்போதும் தாண்டிப்போய்விடும்.

ராத்திரி சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன்.
சின்ன வயசில் ஒப்பித்துப் பென்சில் வாங்கிய பாடம்:
விறகு வெட்டுகிறவனின் கோடரி
காம்பை விட்டுக் கழன்று கூட்டாளிமேல் விழுந்தால்
அது கைப்பிசகு.
ஓடி ஒளிய ஆறு பட்டணம் உண்டு.
காதுப் பிசகுக்கு?
எண்ணிப்பார்த்தேன்.
முதலூர், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம்,
சாயர்புரம், இடையன்குடி, டோனாவூர்.
கணக்கு சரியாக ஆறு.
முதலூரே அடிக்குத் தப்பி வந்தவர்கள் கட்டியதுதான்.
கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
ஏறவில்லை.
எல்லா ஊரிலும் கோயில் இருக்கிறது,
எல்லாக் கோயிலிலும் மணி.

விடிந்ததும் நடந்தே திரும்பினேன், கால்சட்டையெல்லாம் செம்மண்.
சித்திக்கு மணி அடிக்கவேண்டும்.
கயிற்றைத் தொட்டேன், விரல் மடங்கவில்லை.
வேறு ஆளைத் தேடுகிறார்கள்.
அப்போது படியேறி வந்தான்,
ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி,
படிக்கொரு தரம் நின்று நின்று.
என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தான்.

'பிடியும் வே' என்றான்.
'பாரம் இழுத்தா தையல் விட்டுருமாம்.
ஒத்தைல என்னால ஆவாது.'

என் கைக்கு மேலே அவன் கை.
கீழிழுத்தது நான், மேலே போகவிட்டது அவன்.
எழுபத்தொன்று.
நாற்பத்துநாலு தாண்டும்போது
ஒரு தரம் என் விரல்மேல் அவன் பிடி இறுகியது.
தையல் வலித்ததோ, என்னவோ.

இப்போது போன் வந்தால் இரண்டு தரம் கேட்கிறேன்.
'கூட்டிட்டா, எடுத்துட்டா?'
கல்யாணத்துக்கு அழைப்பவர்களிடமும் கேட்டிருக்கிறேன்.
சிரிக்கிறார்கள்.

மன்னித்தேன் என்று அவன் சொன்னானா
என்று கேட்பவர்கள் உண்டு.
மணிக்கூண்டுக்குள் அவ்வளவு சத்தம்.
என் காதில் எதுவும் விழவில்லை.
என் காதையா நம்புவீர்கள்?