இரண்டு விநாடி

இரவு ஷிஃப்ட். வெளியே கழித்தல் இருபத்தாறு.
கண்ணாடிக்கு அப்பால் ஆயிரத்து இருநூறு.
இரண்டுக்கும் நடுவே நான்,
கம்பளிக் காலுறையும் ஆறிப்போன காப்பியுமாக.

உலை படுத்துக் கிடக்கிறது
பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு, சற்றே சரிந்து,
தூக்கத்தில் புரள்கிறவனைப் போல
மெல்ல உருண்டபடி.
எதைப் போட்டாலும் ருசி பார்க்காது:
தடை செய்த பூச்சிமருந்து,
பழைய மின்மாற்றியின் எண்ணெய்,
போலீஸ் முத்திரை வைத்த வெள்ளைப் பொடி.
ஒருமுறை ஒரு பள்ளி ஆய்வகம் முழுவதும் வந்தது,
குடுவைகளில் இன்னும் பிள்ளைகளின் கையெழுத்தோடு.

"இன்னைக்கு வெறும் மண்ணுதான்" என்றான் வெய்யோ
சீட்டை நீட்டிக்கொண்டே. "சுலபமான ராத்திரி."

எடை இருபத்திரண்டு டன்.
மாசு: குளோரோபீனால், டையாக்சின்.
தோண்டிய இடம்: கொர்பிலாத்தி மர ஆலை,
தொட்டிக் கொட்டகை.

தொட்டிக் கொட்டகை.

அங்கேதான் அப்பா
பலகைகளை முக்கி முக்கி எடுத்தார்,
பதினேழு கோடைக்காலம்.
முக்காவிட்டால் வெள்ளை மரத்தில் நீலம் படரும்,
வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான்.
மரத்தில் நீலம் படரவேயில்லை.

சனிக்கிழமை சவுனாவில்
எல்லோருக்கும் வியர்வை வரும்.
அவர் உடம்பிலிருந்து அந்த வாடை வரும்,
ஆஸ்பத்திரியும் ஈரக் கயிறும் கலந்தாற்போல.
அம்மா எழுந்து கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பாள்.
அவ்வளவுதான். எங்கள் ஊரில்
சொல்லாமல் விடுவது ஒரு மரியாதை.

ஆலையை மூடினார்கள்.
பிறகு கிணற்றை. பிறகு அவரை.
இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் இடத்தில்
லத்தீனில் ஒரு நீளமான சொல் இருந்தது.
தொட்டி என்று இல்லை.

கிரேன் முதல் பிடியைப் போட்டது.

மண் எரியாது.
அதில் ஒளிந்திருப்பதுதான் சூடு தாங்காமல் எழுந்து
பக்கத்து அறைக்கு ஓடும்.
அங்கே தீ காத்திருக்கும்.
அந்த அறையில் அது இரண்டு விநாடி இருந்தாக வேண்டும்,
சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது.
வளையம் உடையும், குளோரின் கழன்று
தண்ணீர்த் திரையில் உப்பாகிக் கரையும்.
தாவெத்தி, என்று சொல்லிப் பார்த்தேன்.
ஒரு விநாடிகூட ஆகவில்லை.
மிச்ச நேரத்தில் என்ன சொல்வது?

மண் ஈரமாக இருந்தது. பனிக்கட்டி வேறு.
ஆயிரத்து நூற்றைம்பது.
ஆயிரத்து நூற்றிருபது.
மஞ்சள் விளக்கு.
வெய்யோ நாற்காலியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
என் கை பொத்தான்மேல்தான் இருந்தது,
அழுத்தாமல்.
எவ்வளவு நேரமென்று
கணினிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

பாதி எரிந்தது எரியாததைவிட மோசம்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே
இதைச் சொல்லிவிடுவார்கள்.

அழுத்தினேன்.
துணை எரிப்பான் உறுமிக்கொண்டு எழுந்தது.
நூற்றைம்பது. நூற்றெண்பது. இருநூறு.
வெய்யோ மறுபடி குறுக்கெழுத்துக்குத் திரும்பி,
"ஏரிப் பறவை, நாலெழுத்து" என்றான்.
தெரியவில்லை என்றேன்.

உலையின் கீழ்வாயிலிருந்து
கசடு தண்ணீரில் விழுந்து சீறும் சத்தம்
விடியும்வரை.
கறுப்புக் கண்ணாடி போல ஒரு துண்டைக்
கையுறையோடு எடுத்துப் பார்த்தேன்.
வாடை இல்லை.
மோந்து பார்க்கக் கூடாதென்று விதி இருக்கிறது,
மோந்து பார்த்தேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
மண் ஈரம். 2.40க்குத் துணை எரிப்பான்.
வேறொன்றுமில்லை.
இன்னும் பதினோரு லாரி வரவேண்டும்.

காரின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டும்போது
குழாய்களைப் பார்த்தேன்.
உலையின் சூட்டைச் சுமந்துகொண்டு
பனிக்கடியில் ஊருக்குள் போகின்றன,
பள்ளிக்கு, நூலகத்துக்கு, நீச்சல்குளத்துக்கு.

இன்று வியாழன்.
இந்நேரம் அம்மா குளத்தில் இறங்கியிருப்பாள்,
பூப்போட்ட ரப்பர் தொப்பியோடு,
கழுத்துவரை.
வெதுவெதுப்பான தண்ணீர் மூட்டுக்கு நல்லது என்று
யாரோ சொன்னார்களாம்.