நானூறு கிராம்

டென்னிஸ் மட்டையை நான் தொட்டதே இல்லை.
டாண்டினோங்கில் பதினொரு வருடம்
பிறத்தியார் வீட்டுச் சுவர்களில்
உருளை ஓட்டினேன், அவ்வளவுதான்.
வெள்ளையில் நாற்பது வகை உண்டென்று
அறிந்த கை இது.
இப்போது முழங்கையின் வெளிப்பக்கம்
மிளகளவு ஓரிடம்
எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறது.

பத்துக்கு எத்தனை, கேட்டாள் ட்ராங்.
வலிக்கு மார்க் போட்டுப் பழக்கமில்லை.
கேத்தல் தூக்கினால் ஆறு, என்றேன்.
கதவுக் குமிழுக்கு நாலு.
கோரன் கைகுலுக்கினால் ஒன்பது.
அவன் அன்பு அப்படி.

ஊசியை இப்போதைக்கு விடு, என்றாள்.
வீட்டில் டின் ஏதாவது இருக்கிறதா?

அலுமாரியில் முதலில் அகப்பட்டது,
நானூறு கிராம்.
மேசைமேல் முன்கை,
விளிம்புக்கு வெளியே மணிக்கட்டு,
உள்ளங்கை நிலம் பார்க்க.
ஏற்றிவிடுவது இடக்கையின் வேலை.
வலக்கை இறக்கினால் போதும்,
ஐந்து எண்ணும் வரைக்கும்.

ஐந்து எவ்வளவு நீளம் தெரியுமா?
மூன்றில் நடுக்கம் வரும்.
நாலில், விட்டுத் தொலைக்கலாமா என்று வரும்.
எதையுமே மெல்லக் கீழே வைத்தவளில்லை நான்:
வாளியை, ஏணியை, சாவிக்கொத்தை,
ஒருமுறை
தங்கை பேசிக்கொண்டிருந்த போனை.

கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் வளையத்தை
ஐந்து விரலுக்கும் மாட்டி
விரி, விடு, விரி.
ரயிலில் எதிர் இருக்கைக் குழந்தை
தன் கையையும் விரித்துக் காட்டியது.

ஐந்தாம் கிழமை இரண்டுக்கு இறங்கியது.
ஆறாம் கிழமை,
ஒரு பாலர் பள்ளியின் உட்கூரை முழுவதையும்
ஒரே நாளில் முடித்தேன்.
திரும்பவும் ஏழு.
ட்ராங் திட்டவில்லை.
மூன்றுக்குள் வலித்தால் செய்,
மேலே போனால் குறை, என்றாள்.
கூரைக்குச் சம்பளம் வந்துவிட்டதா என்றும் கேட்டாள்.

குளிர்காலம் முழுக்க அதே டின்.
உள்ளங்கை ஈரத்தில் லேபிள் இளகி
ஒருநாள் தானாக உரிந்து விழுந்தது.
நான் எடுத்துப் படிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு கிலோச் சீனிப் பைக்கு மாறினேன்.
வேலை போன டின்
அடுப்படியில் வெறும் தகரமாய் நின்றது.
திறப்பானை எடுத்து,
இடக்கையால் டின்னைப் பிடித்து,
வலக்கையால் முறுக்கினேன்.
பாதியில் நிறுத்திக்
காத்திருந்தேன், முழங்கை
என்ன மார்க் போடுமென்று.
ஒன்று. இல்லை, அதுவும் இல்லை.
மிச்சப் பாதியையும் சுற்றினேன்.

பீட்ரூட்.
எங்கள் வீட்டில் ஒருவரும் பீட்ரூட் தின்பதில்லை.
மூடியை, விரல் படாமல்,
மெல்லக் கீழே வைத்தேன்.