வாய் மட்டும் அசைகிறது

கொருக்குப்பேட்டை கேட்டைப் போட்டுவிட்டார்கள்.
தண்ணி லாரி, மீன்பாடி வண்டி, ஷேர் ஆட்டோ,
இடுக்கில் புகுந்து என் கடைக்குள் ஏறினாள் குணவதி.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்,
நகத்தளவு மெமரி கார்டு.
மீன் செதில் ஒன்றும் கூடவே ஒட்டிக்கொண்டு.

"படம் ஓடுதுண்ணே. வாய் ஆடுது.
சத்தம் மட்டும் வர்ல."

நாற்பத்தேழு நொடி.
காசிமேட்டு வார்ஃபில், வலைக் குவியலுக்கு முன்னால்
தேசப்பன் நிற்கிறான்.
காலரைச் சரிசெய்கிறான். பேசுகிறான்.
பின்னால் ஒரு காக்கை வாயைத் திறக்கிறது,
அதுவும் ஊமை.

அடகுச் சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறாள்.
"போன்ல சொல்லி வெச்சிருக்கேன், பாரு"
என்றுவிட்டுப் படகேறினவன்
பத்து நாளாய் டவர் இல்லாத தண்ணியில்.
போன் ஐஸ் பெட்டிக்குள் விழுந்து செத்தது, கார்டு பிழைத்தது.
வெள்ளிக்கிழமை தாண்டினால்
மூன்றேகால் பவுன் சங்கிலி ஏலத்துக்கு.

"இதோ, இந்த எடம். அம்மாகிட்டன்றாரு."
எனக்கு அப்பாவாகத் தெரிந்தது.
நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓட்டினோம்.
அம்மா என்றாலும் அப்பா என்றாலும்
உதடுகள் ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகின்றன.
இத்தனை வருஷம் தமிழ் பேசியும்
இதை நான் கவனித்ததில்லை.
"அவங்கம்மா எர்ணாவூரு. எங்கப்பா பழவேற்காடு.
நான் எந்த பஸ் ஏறட்டும்?"

குரல் உள்ளேதான் இருக்கிறது என்றேன்.
நசுக்கி, மடித்து, கட்டிப் போட்டிருக்கிறது.
கட்டின போன் போட்ட முடிச்சு
என் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.
"வலை பின்றவகிட்ட முடிச்சு சொல்றீங்களா?" என்றாள்.
அவிழ்க்கிறவன் ஒருத்தனைக் கூப்பிடணும்,
அவன் தனியாக வர மாட்டான்.
கோடெக் பேக் என்று பேர்.
ஒன்று கேட்டால் முப்பது வரும்.

டாங்கிளில் நாற்பத்து மூன்று எம்பி இறங்குவதற்குள்
ஒரு கூட்ஸ் முழுதாய்க் கடந்துபோனது.
அடுத்து. அடுத்து. ஒப்புக்கொள்கிறேன். அடுத்து.
எதை ஒப்புக்கொண்டேன் என்று
பதினோரு வருஷத்தில் ஒருமுறையும் படித்ததில்லை.
அழையாத டூல்பார் ஒன்று வந்து உட்கார்ந்தது,
மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று
யாருக்கும் தெரியாத விருந்தாளியாய்.
ரீஸ்டார்ட் கேட்டது. கொடுத்தேன்.

முதலில் காற்று வந்தது.
ஸ்பீக்கர் கரகரத்தது. டீசல் எஞ்சின். காக்கை.
பிறகு தேசப்பன்:
"ஏ குணா, சீட்டு அரிசி டப்பால கீது.
அடில. பேப்பர் சுத்தி வெச்சிருக்கேன்."

டப்பா.
நான் சிரித்துவிட்டேன். அவளும்
"பாவி மனுசன், தெனம் அதுலதான கைய வுடுறேன்" என்று
சிரிக்க ஆரம்பித்து

நிறுத்தினாள்.

படத்தில் இன்னும் ஆறு நொடி மிச்சம்.
திரைக்கு இந்தப் பக்கம் யாரோ சிரிக்கிறார்கள்.
போனைப் பிடித்திருக்கும் கை.
கண்ணாடி வளையல்கள் சரிகிற சத்தம்.
"போதுமா? அணைச்சிடவா?"
தேசப்பன் தலையாட்டுகிறான்.
முன்பும் ஆட்டினான்தான்,
அப்போது எங்களைப் பார்த்து ஆட்டியதாய் இருந்தது.

இவ்வளவு நேரமும்
படம் ஆடாமல் இருக்கிறதே, யார் பிடித்தார்கள் என்று
எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

"கடசிய இன்னொருவாட்டி வைங்க."
வைத்தேன்.
"இன்னொருவாட்டி."
ஒலியைக் கூட்டுவதா குறைப்பதா தெரியாமல்
என் விரல் மவுஸ்மேல் நின்றது.

கேட் திறந்தது. எல்லா ஹாரனும் ஒன்றாய் எழுந்தன.
எவ்வளவு என்றாள். முப்பது.
ஈரமான ஐம்பதை வைத்துவிட்டுக் கார்டை எடுத்தாள்.
அதே கைக்குட்டை.
ஒரு முடிச்சு போட்டாள், பார்த்தாள்,
அதன்மேல் இன்னொன்று.

"அரிசி வேற வாங்கணும்" என்றாள் படியிறங்கியபடி,
என்னிடமில்லை.