செத்த பசு

பாறைக்கு வாக்கா முவெர்த்தா என்று பெயர்.
செத்த பசு.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சிரித்திருக்கிறேன்:
செத்ததைக் கறக்கவா இத்தனை பேர்
தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்?

கறக்கத்தான் செய்கிறார்கள்.
மூவாயிரம் மீட்டர் நேராக இறங்கி
அங்கே படுக்கைவாட்டில் திரும்பி
வளைக்குள் பாம்பு போவதுபோல் இன்னும் போய்,
பதினான்கு கோடி வருஷத்துக் கடல்
கல்லாகிக் கிடக்கும் இடத்தில்
தண்ணீரை அழுத்தி அடிக்கிறார்கள்.
கல் விடுகிறது, மயிரிழை மயிரிழையாக.
கல்லில் நார் உரிக்க முடியாது என்பவர்கள்
அன்யேலோவுக்கு வந்து பார்க்கலாம்.

என் பெயர் ரொசெல்வா அந்தினாவோ.
எட்டாம் வாசலில் இரவுக் காவல்.
மணல் லாரிகளுக்கு எண் போடுகிறேன்.
ஒரு கிணற்றுக்கு முந்நூறு, சிலசமயம் கூடவும் ஆகும்.

விரிந்த கல் தானே மூடிக்கொள்ளுமாம்.
மூடவிடாமல் நிற்கத்தான் மணல்,
வட்டிக்காரன் கதவிடுக்கில்
செருப்புக் காலை வைப்பதுபோல.

எவாரிஸ்தோ சொன்னான்:
என்த்ரே ரியோஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
ஒரு மேடு இருந்தது.
நானே அதை நடை நடையாகக் கொண்டுவந்து
உன் பாறைக்குள் போட்டுவிட்டேன்.
ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்.
தூங்காமலிருக்கச் சூரியகாந்தி விதை கொறித்து
அவன் உதடு உப்பில் வெடித்திருக்கிறது.

அக்கா தெல்மிரா பியூனஸ் அயர்ஸில்.
ஜூலையில் போன் போட்டால்
அவள் அடுப்பு இரைவது முதலில் கேட்கும்.
"உன் ஊர் கேஸ்தான்டி எரியுது" என்பாள்.
முன்பெல்லாம் குளிர்காலத்துக்குக்
கப்பல் கப்பலாக வாங்கினார்களாம்,
இப்போது அவ்வளவு வேண்டாமாம், ரேடியோவில் சொன்னார்கள்.
அவள் கட்டடத்தில் இருபத்துநான்கு வீடு,
எல்லாக் குளியலறையிலும் வெந்நீர்.
தப்பென்று சொல்லமாட்டேன்.
குளிர் யாருக்கும் குளிர்தான்.

என் வீட்டுக்குக் குழாய் வரவில்லை.
நானூறு மீட்டர் தள்ளிப் போகிறது,
மேலே மஞ்சள் கம்பம்: தோண்டாதே.
நகராட்சி மே மாதம் விறகு இறக்கும்,
பாதி ஈரம், புகைந்துகொண்டே இருக்கும்.
இந்தச் சம்பளத்தில்தான்
மகன் பல்லுக்குக் கம்பி கட்டினேன்.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

போன மாதம், என் விடுப்பு நாளில்,
அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன.
நாய் எழுந்து நின்றது.
ஏழெட்டு வினாடி. அவ்வளவுதான்.
கிணற்றால் இல்லை என்கிறார் ஒரு பொறியாளர்.
இருக்கலாம் என்கிறார் இன்னொருவர்,
அவர் இங்கே வேலை பார்ப்பவர் இல்லை.
ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஒரு விரிசல்.
லாரிப் பதிவேட்டில் ஒரு துண்டு கிழித்து
குறுக்கே ஒட்டித் தேதி போட்டேன்.
நாலாம் நாள் காகிதம் நடுவில் விட்டிருந்தது.

வாசலில் சிந்திய மணலை வாளியில் அள்ளினேன்.
யாரும் கேட்கவில்லை.
சிந்தியதற்கு எண் கிடையாது.
சிமெண்டில் குழைத்துப் பூசி
இரண்டு நாள் தண்ணீர் தெளித்தேன்.
காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் உபால்தோ
ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார்.
"இது உருண்டை மணல்.
ஒன்றையொன்று பிடிக்காது.
முள்ளு முள்ளாக இருந்தால்தான் சுவரில் நிற்கும்.
இதற்கு வேறு வேலை."

வாளி இன்னும் கதவோரம் இருக்கிறது.
படியில் பனி உறைந்தால் தூவலாம்.

இன்றிரவு நூற்றுத் தொண்ணூற்றேழாவது லாரி.
எவாரிஸ்தோ கண்ணாடியை இறக்கி
சீட்டை நீட்டுகிறான்.
எண் எழுத டார்ச் தேவைப்படவில்லை.
கம்பத்தின் உச்சியில் மிச்ச கேஸ் எரிகிறது.
அந்த வெளிச்சத்தில்
அவன் உதட்டு வெடிப்புகூடத் தெரிகிறது.