அடித்தல் திருத்தல்

மதுரையில் பெரிய வக்கீல் இருக்கிறார் என்றான் அண்ணன்.
பெரிய வக்கீலுக்கு
முக்கூடல் பஸ் எத்தனை மணிக்கென்று தெரியுமா?
எஸ்தர் கனகமணிக்குத் தெரிந்திருந்தது.
"ஆறே முக்கால விட்டா ஒம்பதுதான்.
உக்காருங்க, சுருக்கா முடிச்சிருவோம்."

பாளையங்கோட்டையில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
படியேறும்போதே மிஷின் சூடு கூட ஏறிவரும் அறை.
வக்காலத்தில் கையெழுத்து.
பீஸ் பதினெட்டாயிரம்.
ஆறு இப்போது, மிச்சம் ஜீவனாம்ச உத்தரவு வரும்போது.
பீடி சுற்றிய பணம், இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தேன்.
அவள் எண்ணாமல் டிராயரில் போட்டாள்.
ரசீது மட்டும் கேட்காமலே தந்தாள்.

பிறகு மனுவை வாசித்தாள்.

மனுதாரர் பேச்சித்தாய், வயது 31.
எதிர்மனுதாரர் இசக்கிராஜா, வயது 36,
பணகுடியில் காற்றாலை மெக்கானிக்.
மேற்படி இருவருக்கும் பிறந்த மைனர் மகள் தர்ஷிகா, வயது 7.
மேற்படி வீட்டில், மேற்படி தேதியில், மேற்படி நகைகள்...

என் சாமான்களை யாரோ
முச்சந்தியில் இறக்கி வைப்பதுபோல் இருந்தது.
எல்லாம் என்னுடையதுதான்.
ஆனாலும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத்தான்
ஆமாம் என்று சொல்ல முடிந்தது.

நாலாவது பாராவில் நிறுத்தச் சொன்னேன்.

எதிர்மனுதாரர் மனுதாரரை அடித்துத் துன்புறுத்தி

"அவரு அடிக்கல மேடம்."

"எல்லா மனுவுலயும் வார வரிதாம்மா."

"அடிக்கல."

"அப்ப என்னதான் செஞ்சாரு?"

"பேசல."

போன ஆடியில் நிறுத்தியவர். மாசி வரைக்கும்.

டைப் அடிக்கிற பையன் திரும்பிப் பார்த்தான்.
"மனக்கொடுமைன்னு போடலாம்,
ஆனா ஜட்ஜ் கேப்பாரு.
எட்டு மாசம் பேச்சில்லாம எப்படிக் குடித்தனம் நடத்துனிய?"

எப்படி நடத்தினோம்.

புளிக்குழம்பில் உப்புக் கூடினால்
அம்மாட்ட சொல்லு, என்பார் பிள்ளையிடம்.
கேஸ் தீர்ந்தால்
அப்பாட்ட சொல்லு, என்பேன் நானும்.
நானும்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம்.
நாலு எட்டு தூரம்.
வீட்டுப்பாடத்தை வைத்துவிட்டு எழுந்து வருவாள்,
சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்
விட்ட கணக்கைத் தேடுவாள்.

ஒரு ராத்திரி அவர்
ஒங்கம்மாவ செத்துத் தொலையச் சொல்லு, என்றார்.
என் காதிலும் விழுந்தது.
பிள்ளை வந்து என் முன்னால் நின்றாள்.
பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்பா ஒன்னய
சீக்கிரமா ஒறங்கச் சொல்லுதாங்க."

வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாவது பாராவின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.
அதற்கு மேலே, பொடி எழுத்தில்,
பிள்ளை சொன்னதை அப்படியே எழுதினாள்,
ஒறங்க என்பதைக்கூடத் திருத்தாமல்.
"புதுசா அடிச்சுரவா மேடம்?" என்றான் பையன்.
"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

ஓரத்தில் 'அடித்தல் ஒன்று' என்று குறித்து
பக்கத்தில் என் கையெழுத்தைக் கேட்டாள்.
போட்டேன்.
எங்கள் ஒன்பது வருஷக் குடித்தனத்தில்
அடித்தல் அது ஒன்றுதான்.

"சனிக்கிழமையில அப்பா வந்து பாக்க விடுவியளா?"
விடுவேன் என்றேன்.
உடனே சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன்.
"வாய்தா மேல வாய்தா வாங்குவாங்க.
பஸ் டிக்கெட்டெல்லாம் சேத்து வைங்க."

ஆறே முக்கால் போய்விட்டிருந்தது.

ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கி
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால்
பிள்ளை இன்னும் முழித்திருக்கிறாள்.
அப்பா போன் பண்ணினாராம், சனிக்கிழமை வாராராம்.
"அப்பாட்ட என்ன சொல்லணும்?"
தலையைத் தூக்கி நின்றாள்,
வேலைக்குக் கிளம்புகிற ஆள் மாதிரி.

ஒண்ணுமில்லட்டி, வந்து படு.
அதுக்கு ஆள் வச்சாச்சு,
சம்பளத்துக்கு.