எட்டு நாலு வண்டி

பயணச்சீட்டு ஜன்னலைச்
செங்கல் வைத்து அடைத்து இருபது வருஷம்.
அடைத்த கல் மட்டும் இன்னும் கொஞ்சம் புதுசு.
மேலே அந்தப் பழைய வளைவு அப்படியே இருக்கிறது,
மூடிய கண்ணுக்குப் புருவம் போல.

பணியாளர் இல்லாத நிலையம் என்று
வாசல் பலகை சொல்லும்.
அதைத் தாண்டித்தான்
தினமும் எட்டுப் பேர் உள்ளே வருகிறோம்.

பெக்வெல் லேன்.
இரண்டு நடைமேடை, ஓர் இரும்புப் பாலம்,
வெயில் பட்டால் எழுத்துத் தெரியாத சீட்டு எந்திரம்,
பாதியாய் அறுத்த பீப்பாயில்
யாரோ நட்டுவிட்டுப் போன பான்சிப் பூக்கள்.
வேலிக்கம்பி முனையில் யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை,
ஐந்து விரலும் மேலே,
வண்டியை நிறுத்தச் சொல்வது போல.

கதவு எங்கே வந்து நிற்கும் என்று
கோடு ஏதும் போடவில்லை.
கால்களுக்குத் தெரியும்.
நான் நாலாம் விளக்குக் கம்பத்தடி.
சைக்கிளை மடக்குகிறவள் பாலத்து நிழல் முடிகிற இடம்.
திருமதி டன்னிக்ளிஃப்
(பெட்டிச் சீட்டில் எழுதியிருக்கும், அதனால்தான் பெயர் தெரியும்)
மஞ்சள் உப்புத் தொட்டியை ஒட்டி.
நீல ஃபிளாஸ்க்காரர்
தார் பெயர்ந்து தட்டு அளவில் ஒரு குழி கிடக்குமே,
அதன் மேல்.

பதினோரு வருஷத்தில்
பேசிக்கொண்டது ஒரே ஒரு முறை.
பனி கொட்டிய அன்று.
"பனி" என்றார் ஒருவர்.
"ஆமாம்" என்றோம்.

பிப்ரவரியில் ஒரு திங்கள், குழி மேல் ஆளில்லை.
சளியாக இருக்கும்.
வியாழன். ஊருக்குப் போயிருப்பார்.
அடுத்த திங்கள் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.
அது அவ்வளவு ஆழம் என்று அதுவரை தெரியாது.
ஏழு பேரும்
செய்தித்தாளின் மேல் விளிம்பு வழியே பார்த்தோம்,
பார்க்காத மாதிரி.

மூன்றாம் வாரம் திருமதி டன்னிக்ளிஃப்
நேரே நடந்து போய்
உதவிப் பெட்டியின் பொத்தானை அமுக்கினார்.
இருநூறு மைலுக்கு அப்பால்
ஒரு பெண்குரல் விழித்தது.

எந்த ரயில்?
ரயில் இல்லை. ஒரு மனிதர். காணோம்.
பெயர்?
தெரியாது.
தொலைந்த பொருளுக்குத்தான் படிவம் இருக்கிறது, அம்மா.
பரவாயில்லை, அதிலேயே எழுதுங்கள்.
நிறம்?
நீலம், என்றார். பிறகு தாழ்ந்த குரலில்:
ஃபிளாஸ்க் மட்டும்.
கோட்டு சாம்பல். இடது பொத்தான் ஒன்று வேறு நூலில்.
கதவு திறந்ததும்
ஏறாமல் ஒதுங்கிக் கை நீட்டுவார், நீங்கள் முதலில் என்று.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
ஒன்பது இலக்கத்தில் ஒரு குறிப்பு எண் வந்தது.
பழைய பயணச்சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் ஒரு பையன் வந்தான்.
புது ஷூ, புது வேலை,
அடையாள அட்டை கழுத்தில் திரும்பிக் கிடந்தது.
நேராகப் போய்க் குழி மேல் நின்றான்.
ஏழு தொண்டை கனைத்தது.
அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
கதவு என்னவோ
சரியாக அவனுக்கு எதிரேதான் திறந்தது.

ஏப்ரல் பாதியில்
பாலப்படியில் கைத்தடிச் சத்தம்.
ஒரு படி.
வெகுநேரம்.
மறு படி.
அதே கோட்டு. உள்ளே ஆள் பாதி.
அக்குளில் ஃபிளாஸ்க், அதன் நீலம் மட்டும் இளைக்கவில்லை.

பையன் அவரைப் பார்த்தான்.
எங்களைப் பார்த்தான்.
காலடியில் இருந்த குழியைப் பார்த்தான்.
அரையடி இடப்பக்கம் நகர்ந்தான்.

எட்டு நாலு, ஒன்பது நிமிடம் தாமதம்.
ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது,
எல்லா நாளும் கேட்கிற அதே குரலில்.
"பரவாயில்லை" என்றார் திருமதி டன்னிக்ளிஃப்
ஒலிபெருக்கியைப் பார்த்து, சத்தமாகவே,
கையுறைக்குள் அந்தச் சீட்டைக் கசக்கியபடி.